டாக்ஸ் நைனாவும் ஏகாம்பரத்தின் தூக்கமும்

இந்த தேசத்துலயே கவர்மென்ட்டை மாசச் சம்பளத்துக்கு வேலைக்கு வெச்சிருந்த ஒரே மனுஷன் எங்க டாக்ஸ் நைனாதான். நம்ப வேணாம்னா நம்பாதீங்க. எங்க ஆபீஸ்ல அப்போ வேலை பார்த்த யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. "ஆமாம், அவர்தான் எங்க முதலாளி"ன்னு சொல்லுவாங்க. சொல்லிட்டு ஒரு தடவை வாசப்பக்கம் திரும்பியும் பார்த்துப்பாங்க.

ஆபீஸ் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் தள்ளி இருந்தது. எந்த டிபார்ட்மென்ட்னு மட்டும் சொல்ல மாட்டேன். அதுல பாதிப் பேர் இன்னும் பென்ஷன் வாங்கிட்டிருக்கோம், எனக்கெதுக்கு வம்பு. அறுபதுகளோட கடைசி. குமாஸ்தாவாப் போய்ச் சேர்ற முதல் நாளே எனக்கு பஸ் லேட்டு. வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு ஓடி வர்றேன், எதிர்த்த கோலி சோடாக் கடையிலேர்ந்து ஒரு குரல்.

"தம்பி, இங்க வா. புச்சா?"

"ஆமாங்க."

"மொத நாளே லேட்டா? என் துட்டு வீணா ஓடிக்கினு கீது. போ போ, போய் சீட்ல குந்து."

யாரோ பெரிய ஆபீஸர் சோடா குடிக்க வந்திருக்கார்னு நினைச்சு ஒரு வணக்கம் போட்டுட்டு உள்ள ஓடினேன். ஹெட் கிளார்க் வரதாச்சாரி சார் உட்கார்ந்திருந்தார். திருவள்ளூர்லேர்ந்து ரெண்டு பஸ் மாறி வர்ற மனுஷர், நெத்தியில நாமம் காயறதுக்குள்ள சீட்ல இருப்பார். "வெளில இருக்கிறவர் யார் சார், கெஜட்டெட் ஆபீஸரா?"ன்னு கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே, "அதுக்கும் மேல"ன்னார்.

நைனாவுக்கு நிஜமா ஒரு பேர் இருந்திருக்கணும். யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. தெலுங்கு பேசற குடும்பம், அதனால நைனா. வாயைத் திறந்தா வரி, அதனால டாக்ஸ். அந்தச் சோடாக் கடை அவரோடதுதான். சோடா அடிக்கும்போது பாட்டில் வெடிச்சு இடது கண்ணு போயிடுச்சு. மிச்சம் இருந்த வலது கண்ணை எங்க ஆபீஸ் ஜன்னலுக்கே எழுதி வெச்சிட்டார். வீட்டு வரி, தொழில் வரி, விற்பனை வரி எல்லாத்தையும் கெடுவுக்கு முன்னாடியே போய்க் கட்டிடுவார். கட்டின நிமிஷத்துலேர்ந்து ஊர்ல இருக்கிற போஸ்ட்மேன், போலீஸ், கம்பவுண்டர் அத்தனை பேரும் அவரோட வேலைக்காரங்க. நாங்க எதிர்லயே இருந்ததால எங்களுக்கு மட்டும் கவனிப்பு ஜாஸ்தி.

எங்க ஆபீஸ் சுவர்க் கடிகாரம் எந்தக் காலத்துலயோ நின்னு போனது. அது ஓடறதுக்கு சாங்ஷன் கேட்டு எழுதிக்கிட்டே இருந்தோம். அதனால பத்து மணிக்கு நைனா ஒரு சோடாவை உடைப்பார். அந்த 'டப்' சத்தம் கேட்டா ஆபீஸ் ஆரம்பம், அதுக்கப்புறம் வர்றவன் லேட்டு. ஒரு நாள் ஆபீஸரே சைக்கிளை வேகமா மிதிச்சு வந்து இறங்கி, மூச்சு வாங்க, "உடைச்சிட்டாரா?"ன்னு என்கிட்ட கேட்டார். அன்னிக்கு அவருக்காக நான் பொய் சொன்னேன்.

சம்பள நாள் வந்தா வெளுத்த சட்டை மாட்டிக்கிட்டு நேரா உள்ள வந்துடுவார். கேஷ் குடுக்கிற மேஜை பக்கத்துல கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிப்பார். ஒவ்வொருத்தரா வாங்க வாங்க, "எண்ணிப் பாத்துக்க. நேரா ஊட்டுக்குப் போ, வழியில எங்கயும் நிக்காத"ன்னு புத்தி சொல்லுவார். கொடுமை என்னன்னா, நாங்களும் ஒரு நிமிஷம் அசந்துபோய் அவர்கிட்ட "வரேன் நைனா"ன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவோம்.

எங்க சம்பளத்துல தன்னோட பங்கு ஆளுக்கு ரெண்டு பைசான்னு அவராவே ஒரு கணக்கு வெச்சிருந்தார். எப்படிப் போட்டார்னு கேட்டா, "அது மொதலாளி சமாச்சாரம்"னு சொல்லிடுவார். அந்த ரெண்டு பைசாவுக்கு உண்டான வேலையை ஒவ்வொருத்தரும் அவருக்குச் செஞ்சு காட்டணும். ஒரு தடவை எங்க டைப்பிஸ்ட் அம்மா மேஜை முன்னாடி நின்னு, "ரெண்டு பைசாவுக்கு எவ்ளோ டைப் அடிப்ப, அடி பாக்கலாம்"னார். அந்தம்மா கோவத்துல நாலே நாலு எழுத்தை அடிச்சு, பேப்பரை உருவி நீட்டினாங்க. வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டு, "நாயமா கீது"ன்னு போயிட்டார்.

பேப்பர்ல பஞ்சப்படி உயர்வுன்னு சேதி வந்தா எங்க ஆபீஸ்ல மைசூர்பாகு வரும், எதிர்க் கடையில சோடா விலை ஏறும். ஊருக்கெல்லாம் ஏறாது, எங்களுக்கு மட்டும் ஏறும். லாரிக்காரனுக்கு ஒரு விலை, பக்கத்துல நிக்கிற குமாஸ்தாவுக்கு ஒரு விலை. ஏன்னு கேட்டா, "என் துட்ட நான் திருப்பி எடுத்துக்கறேன், உனக்கின்னா பேஜாரு?"ன்னுவார். கும்மிடிப்பூண்டி வெயில்ல அவர் சோடாவை விட்டா வேற வழியும் இல்லை. பல்லைக் கடிச்சுக்கிட்டு அரசாங்க விலை குடுத்துக் குடிச்சோம்.

இவ்வளவு வேடிக்கை பண்றவருக்குப் பென்ஷன்னு ஒரு வார்த்தை காதுல விழுந்தா மூஞ்சி மாறிடும். அப்போ வர்ற குரலே வேற.

"வேலை செஞ்சா கூலி, அது நாயம். வேலை செய்யாதப்பவும் கூலியா? அவன் பூட்டா அவன் பொண்டாட்டிக்கும் கூலியா? இந்தக் கண்ணு பூட்ச்சே, மறுநா காலைல கட்டு போட்டுக்கினு இதே மெஷினத்தான் சுத்துனேன். எவன் எனக்கு மாசம் பத்து ரூபா குடுத்தான்? கெயவனாயி கை ஓஞ்சா எவன் குடுக்கப் போறான்? நான் மட்டும் ஊருக்கெல்லாம் குடுத்துக்கினே இருக்கணும், அப்படித்தானே?"

இதுக்கு யாரும் பதில் சொன்னதில்லை. வரதாச்சாரி சார் ஒரு தடவை ஏதோ விதி எண் சொல்ல ஆரம்பிச்சு, அந்த மூடின கண்ணைப் பார்த்துட்டுப் பாதியில நிறுத்திட்டார். நானும் பென்ஷன் வாங்கறேன். இன்னிக்கு வரைக்கும் என்கிட்டயும் பதில் இல்லை.

அவரோட ஆயுதம் பெட்டிஷன். மொட்டை பெட்டிஷன் எழுதறவனைக் கண்டா அவருக்கு ஆகாது. தைரியமா கையெழுத்துப் போட்டு, கீழ "வரி கட்டுபவன்"னு எழுதுவார். கடைக்கு எதிர்லயே ஆபீஸ் இருந்தும் கையில குடுக்க மாட்டார், தபால்லதான் போடுவார். போஸ்ட்மேனுக்கும் வேலை குடுக்கணுமாம். சம்பளம், லீவு, பென்ஷன், பெட்டிஷன் எல்லாமே என் சீட்டுங்கறதால வாரா வாரம் அவர் கவரை நான்தான் பிரிப்பேன். குமாஸ்தா வெத்தலை போட்டது, ஃபேன் காத்துல பைல் பறந்தது, ஆபீஸர் சம்சாரத்துக்கு பியூன் கத்திரிக்கா வாங்கிட்டுப் போனது, ஒண்ணையும் விட மாட்டார். மெட்ராஸுக்கும் ஒரு காப்பி போகும். ஒண்ணுக்கும் பதில் வந்தது கிடையாது. அதுக்கெல்லாம் அசர்ற ஆளும் அவர் கிடையாது.

இப்போ ஏகாம்பரத்துக்கு வர்றேன். ஏகாம்பரம் எங்க பியூன். நல்ல உயரம், வெள்ளை உடுப்பு, குறுக்கால டவாலி, பார்த்தா கோட்டையிலேர்ந்து வந்த ஆள் மாதிரி இருப்பார். யாரையும் அதட்டத் தெரியாது. ஒரே ஒரு வியாதி, மத்தியானம் சாப்பிட்டா தூங்கிடுவார். இதுக்குப் பின்னால உருக்கமான கதை ஏதாவது இருக்கும்னு தேடாதீங்க. ராத்திரி நல்லாத் தூங்கற மனுஷன்தான். சாப்பிட்டா தூக்கம் வரும், வந்தா தூங்குவார், அவ்வளவுதான்.

ஒரு சம்பள நாள். கஜானாவிலேர்ந்து பணம் எடுத்து வந்து இரும்புப் பெட்டியில வெச்சாச்சு. சாவியோட ஆபீஸர் அவசரமா எங்கயோ போயிட்டார். ஏகாம்பரத்தைப் பெட்டிக்குக் காவல் வெச்சிட்டு நாங்க சாப்பாட்டுக்குப் போனோம். திரும்பி வர ரெண்டு மணி நேரம் ஆச்சு. ஏன் அவ்வளவு நேரம் ஆச்சுன்னு இப்போ கிளறாதீங்க. வந்து பார்த்தா, ஏகாம்பரம் அந்தப் பெட்டி மேலயே தலையை வெச்சுத் தூங்கறார், டவாலி ஆணியில தொங்குது. எதிர் பெஞ்சில நைனா, முழங்கால் மேல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு, ஒத்தைக் கண்ணை அந்தப் பெட்டி மேலயே வெச்சு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒண்ணும் பேசாம எழுந்து போயிட்டார். அவர் பேசாமப் போனதுதான் எங்களுக்குப் பயமா இருந்தது.

அந்த வாரம் பெட்டிஷன் வந்தது. 'அரசாங்கப் பணப்பெட்டியைத் தலையணையாக வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் குறட்டை விட்டுத் தூங்கினான்.' காப்பி மெட்ராஸுக்கு. அங்க போன பெட்டிஷன் எந்த மேஜைக்குள்ளயோ போய்ப் படுத்தது. ஏகாம்பரம் ரெண்டு மணி நேரம்தான் தூங்கினார், அது வருஷக்கணக்காத் தூங்கிச்சு. எங்களுக்கும் மறந்து போச்சு. நைனாவுக்கும் மறந்திருக்கும்னு நினைக்கிறேன், அதுக்கப்புறம் எத்தனையோ எழுதிட்டாரே.

எழுபதுகள் வந்து, ஊரைச் சுத்தி கம்பெனிக்காரங்க சங்கிலி வெச்சு நிலம் அளந்துக்கிட்டிருந்த சமயம். ஏகாம்பரம் ரிடையர் ஆகறதுக்கு ஒரு மாசம் இருக்கு. அவர் பென்ஷன் பேப்பரை நான்தான் தயார் பண்ணி அனுப்பினேன். திரும்பி வந்துடுச்சு. மேல ஒரு சீட்டு குத்தியிருந்தது. இவர் மீது பணக் காவலில் அசட்டையாக இருந்ததாக மனு நிலுவையில் உள்ளது, விசாரணை முடியும் வரை ஓய்வூதியம் இல்லை.

வரதாச்சாரி சார் அதைப் படிச்சுட்டு வெத்தலைப் பெட்டியை மூடி வெச்சார். "பணப்பெட்டி சமாச்சாரம். ருசுவாச்சுன்னா பென்ஷனே கிடையாதுன்னு எழுதிடுவான். இவன் கதி அதோகதிதான்"னார்.

ஏகாம்பரத்து வீட்டைப் பத்தி எங்களுக்குத் தெரியும். வாடகை ரூம் ஒண்ணு. சம்சாரம், புருஷன் விட்டுட்டுப் போனதால திரும்பி வந்த மக, அவளோட ரெண்டு பசங்க. இந்தச் சம்பளத்தைத் தவிர பத்து காசு வேற வரும்படி கிடையாது. நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் டவாலியை நேரா இழுத்து விட்டுக்கிட்டார்.

"தூங்கினது நெசந்தானே சார். யார இன்னான்னு சொல்றது?"

அன்னிக்கு மத்தியானத்துலேர்ந்து மனுஷன் தூங்கறதை நிறுத்திட்டார். சாப்பிட்டு வந்து ஸ்டூல்ல விறைப்பா உட்கார்ந்து, கண்ணை அகல விழிச்சு எதிர்ச் சுவரைப் பார்ப்பார். அதைப் பார்க்க எங்களால முடியலை. அவர் சம்சாரம் பெரியபாளையத்தம்மனுக்கு வேப்பிலைச் சேலை கட்டறதா வேண்டிக்கிட்டாங்க. வரதாச்சாரி சார் எங்ககிட்ட சொல்லாம திருவள்ளூர் கோயில் குளத்துல வேண்டுதலா வெல்லம் கரைச்சுட்டு வந்திருந்தார்.

இவ்வளவையும் போய் நைனாகிட்ட சொன்னா மனசு இரங்கும்னு நான் கடைக்குப் போனேன். நான் போறதுக்கு முன்னாடியே விசாரணைக்கு வரச் சொல்லி அவருக்குக் கடுதாசி வந்திருந்தது. கையில வெச்சிருக்கார், மூஞ்சில அப்படி ஒரு பிரகாசம்.

"பாத்தியா தம்பி, பாத்தியா. பதிலு வந்துட்ச்சி. எத்தினி வருசம் எழுதினேன், ஒருத்தன் மதிச்சானா? இப்ப மெட்ராஸ்லேர்ந்து மனுசன வுட்டு என்னைக் கூப்புடறான்."

"நைனா, அது ஏகாம்பரம் பென்ஷன் நைனா."

"தெரியும்."

"ரெண்டு சின்னப் பசங்க இருக்கு வீட்ல."

"என் ஊட்ல இல்லியா?" அவர் மெஷினைச் சுத்த ஆரம்பிச்சுட்டார். "பெட்டிஷன வாபஸ் வாங்குன்னு சொல்ல வந்தியா? எழுதுனது பொய்யா? நீயும்தானே பாத்த?"

பார்த்தேன்தான். வந்த வழியே திரும்பி வந்தேன். அவர் மேல எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்லை. ஊரெல்லாம் அந்தக் கடுதாசியைக் காட்டினார். முடிதிருத்தறவர் கடையில காட்டினார், ஸ்டேஷன் மாஸ்டர்கிட்ட காட்டினார், ஸ்டேஷன் டீக்கடையில பொங்கல் தின்னுட்டிருந்தவனை நிறுத்திக் காட்டினார். புதுச் சட்டைக்கு அளவு குடுத்தார். எங்க ஆபீஸ்ல ஒருத்தரும் அந்தக் கடையில சோடா குடிக்கறதில்லைன்னு முடிவு பண்ணினோம். வெயில்ல நாக்கு வறண்டு கிடந்தோம், போகலை.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஏகாம்பரம் மட்டும் போனார். நான் பின்னாலயே ஓடினேன், ஏதாவது ரசாபாசம் ஆயிடப் போகுதேன்னு. அவர் கடை முன்னாடி நின்னு, குனிஞ்சு, மெதுவா சொன்னார்.

"நைனா, நாளைக்கு நீ பாத்தத சொல்லு. நான் தப்பா நெனக்க மாட்டேன். ஆனா இந்த குறட்டை வுட்டேன்னு மட்டும் சொல்லாத நைனா. பேரப் பசங்க பள்ளிக்கூடத்துல படிக்கிறாங்க, கேலி பண்ணுவானுங்க."

நைனா ஒரு சோடாவை எடுத்து, உடைச்சு நீட்டினார். ஏகாம்பரம் குடிச்சு முடிக்கிற வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் கையை நீட்டி அரசாங்க விலையை வாங்கிக்கிட்டார். நான் அவரை அடிக்கப் போயிருப்பேன். ஏகாம்பரம்தான் என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தார்.

மறுநாள் மெட்ராஸ் ஆபீஸ் ஜீப் வந்து நின்னது. இறங்கின விசாரணை ஆபீஸர் ஒல்லியா, சிரிக்காத முகமா இருந்தார். காப்பி வேணாம்னார், மோர் வேணாம்னார். ஏதாவது ஒண்ணு வாங்கிக் குடிக்கிறவரா இருந்தா பேசிப் பார்க்கலாம். இவர்கிட்ட அதுக்கும் வழியில்லை. வாக்குமூலம் எழுத நான், பக்கத்துல வரதாச்சாரி சார், சுவரோரம் ஏகாம்பரம் டவாலியோட. நைனா புதுச் சட்டையில வந்தார். உட்காருங்கன்னு சொல்றதுக்கு முன்னாடியே சேரை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நம்ம சேருதானே"ன்னார். யாருக்கும் சிரிப்பு வரலை.

"இந்த மனு உங்களுதா?"

"என்னுதுதான். கையெழுத்து கீது பாரு."

"இந்தப் பியூன் பணப்பெட்டி மேல தூங்கினதை உங்க கண்ணால பார்த்தீங்களா?"

"கீறது ஒரு கண்ணு. அத்தால பாத்தேன்."

நான் எழுதிக்கிட்டே வர்றேன். சுவரோரமா ஏகாம்பரம் கண்ணை மூடிக்கிட்டார். முடிஞ்சது கதைன்னு தெரிஞ்சு போச்சு. வரதாச்சாரி சார் உதடு மட்டும் அசையுது, எந்தப் பெருமாளைக் கூப்பிட்டாரோ.

"எவ்வளவு நேரம் தூங்கினார்?"

"ரெண்டு மணி நேரம்னு எழுதிக்கீறேனே."

விசாரணை ஆபீஸர் தலையைத் தூக்கினார். "ரெண்டு மணி நேரமும் நீங்க அங்கயே இருந்தீங்களா?"

"இருந்தேன்."

"அரசாங்கப் பணம். பக்கத்துல யாரும் இல்லை. காவல் ஆள் தூங்கறான். கூப்பிட்டா எழுந்துக்கப் போறான். நீங்க ஏன் எழுப்பலை?"

அந்தக் கேள்வியை நைனா எதிர்பார்க்கலைன்னு எனக்குத் தோணுது. திரும்பி ஏகாம்பரத்தைப் பார்த்தார். அந்த உசந்த மனுஷன் கண்ணை மூடி, கைகட்டி, அடி வாங்கப் போற பையன் மாதிரி நின்னுக்கிட்டிருந்தார். வெளில ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிக்கிற வரைக்கும் நைனா அவரையே பார்த்துக்கிட்டிருந்தார்.

"இன்னாத்துக்கு எழுப்பணும்? நான்தான் தூங்கச் சொன்னேன்"னார்.

என் பேனா நின்னு போச்சு.

"என்ன சொன்னீங்க?"

"தூங்கச் சொன்னேன். நீ படுடா, பெட்டிய நான் பாத்துக்கறேன்னேன். ரெண்டு மணி நேரம் இந்தக் கண்ண எடுக்காத பாத்துக்கினு இருந்தேன். அஞ்சு பைசா காணாமப் பூட்ச்சா? கேட்டுப் பாரு."

"நீங்க யாரு அரசாங்க ஊழியரைத் தூங்கச் சொல்ல?"

"மொதலாளி."

"யாருக்கு முதலாளி?"

"இவனுக்கு. இந்தத் தம்பிக்கு. அந்த நாமம் போட்ட அய்யருக்கு. உனக்கும்தான். உங்க சம்பளத்துல என் பங்கு ரெண்டு பைசா கீது. என் ஆள நான் தூங்கச் சொல்லக் கூடாதா?"

வரதாச்சாரி சார் பக்கத்துலேர்ந்து ஒரு விக்கல் வந்தது. அய்யர்னு சொன்னதுக்கா, மத்ததுக்கான்னு தெரியலை. விசாரணை ஆபீஸர் முகம் கல்லு மாதிரியே இருந்தது. பேப்பரைத் தள்ளி வெச்சுட்டு, முதல் தடவையா நைனாவை நேராப் பார்த்துப் பேசினார்.

"பெரியவரே, நான் சொல்றதை நல்லாக் கேளுங்க. தூங்கினான்னு மனு குடுத்துட்டு, இப்போ நான்தான் தூங்கச் சொன்னேன்னு சொல்றீங்க. மனு பொய்ன்னு நான் எழுதினா உங்க மேல கேஸ் வரும். இல்லாட்டி, மனுதாரர் சித்தசுவாதீனம் இல்லாதவர்னு எழுதணும். அப்படி எழுதிட்டா இவருக்குப் பிரச்சினை இல்லை, மனு தள்ளுபடி. ஆனா அதுக்கப்புறம் நீங்க எழுதற எந்த மனுவையும் எந்த ஆபீஸ்லயும் எவனும் பிரிச்சுப் படிக்க மாட்டான். உங்க ஆயுசுக்கும் படிக்க மாட்டான். புரியுதா?"

புரிஞ்சதுன்னு அவர் முகத்துலயே தெரிஞ்சது. அந்த மனுஷனுக்கு வேற சொத்து கிடையாது. சினிமா பார்க்க மாட்டார், சீட்டாட மாட்டார், கோயில் குளம் கிடையாது. ஊரே சிரிச்சாலும் தன்னை ஒரு முதலாளியா நிக்க வெச்ச காகிதம் அது. அவர் கை புதுச் சட்டையோட பொத்தானைத் தடவிக்கிட்டே இருந்தது.

"எழுது சார்"னார். "பைத்தியம்னே எழுது. ஆனா வரி கட்டற பைத்தியம்னு சேத்து எழுது."

விசாரணை ஆபீஸர் ரொம்ப நேரம் எழுதினார். என்ன எழுதறார்னு தெரியாம நாங்க நின்னோம். கடைசியில ஏகாம்பரத்தைப் பார்த்து, "உங்க பேப்பரைத் திரும்ப அனுப்பச் சொல்லுங்க"ன்னார். ஜீப் ஏறும்போது என்ன நினைச்சாரோ, கடையில நின்னு ஒரு சோடா வாங்கிக் குடிச்சார். அவர்கிட்டயும் அரசாங்க விலைதான்.

ஏகாம்பரம் போய் நைனா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நைனா கையை உதறினார். "அழுவாத, டூட்டி டைம்ல இன்னா அழுகை? போய் வேலையப் பாரு"ன்னார். கூட்டம் கலைஞ்சதும் நான் தனியாப் போய் நின்னேன். ஏன் நைனா இப்படிப் பண்ணீங்கன்னு கேட்டேன்.

"பென்சன் தப்புதான். இப்பவும் சொல்றேன், தப்புதான்." பாட்டிலைக் கழுவிக்கிட்டே சொன்னார். "அத்த கவர்மென்ட்டு பாத்துக்கட்டும். அவன் சோத்துல மண்ணப் போட நான் யாரு? ஏன் எழுப்பலன்னு கேட்டான் பாரு அந்தாளு. இன்னா பதிலு கீது அதுக்கு? தூங்கறவன எழுப்ப மனசு வர்ல. அப்படிச் சொன்னா மானம் பூடும்ல?"

ஏகாம்பரம் ரிடையர் ஆனார், பென்ஷன் வந்தது. முதல் தடவை வாங்கின அன்னிக்கு நேராக் கடைக்கு வந்தார். நைனா தலையைக் கூடத் தூக்காம, "என் துட்டு, பாத்து செலவு பண்ணு"ன்னார். அப்புறம் ரெண்டு பேரும் மத்தியானத்துல அந்தக் கடை பெஞ்சிலதான் இருப்பாங்க, ஒருத்தர் பாட்டில் கழுவுவார், ஒருத்தர் தூங்குவார்.

மேலேர்ந்து எழுத்துல உத்தரவு வந்தது. இந்த மனுதாரர் அனுப்பும் மனுக்களைப் படிக்கத் தேவையில்லை, அப்படியே கட்டி வைக்கவும். நைனாவுக்கு அது தெரியும். தெரிஞ்சும் வாரா வாரம் எழுதி தபால்ல போட்டுக்கிட்டுத்தான் இருந்தார். நான் ஒவ்வொண்ணையும் பிரிச்சுப் படிச்சேன். ஒரு தடவை இப்படி எழுதியிருந்தார்: 'என் வேலைக்காரன் ஏகாம்பரத்துக்கு இந்த மாதம் பென்ஷன் தாமதம். என் பங்கை நான் கட்டிவிட்டேன். மீதிப் பேர் என்ன செய்கிறீர்கள்?' அன்னிக்கே சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கஜானாவுக்குப் போய், உட்கார்ந்து, வாங்கிக் குடுத்துட்டுத்தான் வந்தேன். அவர்கிட்ட நான் சொல்லிக்கலை. அவரும் கேட்கலை.

அடுத்த கோடையில நைனா தவறிட்டார். ஆபீஸே லீவு போட்டுட்டுப் போனோம். அந்த லீவுக்கு அவர் இருந்திருந்தா ஒரு பெட்டிஷன் எழுதியிருப்பார். மறு திங்கட்கிழமை தபால் பையைக் கொண்டு வந்து என் மேஜை மேல கவுத்தாங்க. எல்லாத்தையும் பிரிச்சு அடுக்கினேன். அவர் இல்லைன்னு எனக்குத் தெரியாதா என்ன, சுடுகாடு வரைக்கும் கூடப் போய்ட்டு வந்தவன்தானே. ஆனாலும் அந்தப் பையை எடுத்துத் தலைகீழாப் பிடிச்சு இன்னொரு தடவை உதறினேன்.